பெயரீடும் வரையறையும்: புரோகிரசிவ் ராக் இசை வகைமை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மேலை நாட்டு வெகுமக்கள் இசையைப் பற்றித் தமிழில் எழுத முற்படுவோர்க்கு முதல் இடர் கலைச்சொல்லிலேயே எழுகின்றது. ‘புரோகிரசிவ் ராக்’ என்னும் வகைமைப் பெயரை எடுத்துக்கொள்வோம். அகராதியைப் புரட்டினால் ‘முற்போக்கு’ என்னும் சொல் உடனே கிடைத்துவிடும். ஆனால், தமிழில் ‘முற்போக்கு’ வெறும் அடைமொழி அன்று. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் 1975இல் தோன்றிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் அச்சொல்லை இடதுசாரி இலக்கிய இயக்கத்தின் பெயராகவே நிலைபெறச் செய்துவிட்டன. ‘முற்போக்கு ராக்’ என்று பாடக்குறிப்பில் எழுதினால், உழைப்பாளர் பாடல்களை எதிர்பார்க்கும் மாணவர்க்குக் கிடைப்பது வேறொன்றாக இருக்கும். ஜெனிசிஸ் குழுவினர் 1972இல் வெளியிட்ட, விவிலியத்தின் திருவெளிப்பாட்டுக் காட்சிகளோடு முடியும், ஏறத்தாழ 23 நிமிட நீளமுள்ள படைப்பு அவருக்கு வாய்க்கக்கூடும். ‘வளர்முக ராக்’, ‘முன்னேற்ற ராக்’ போன்ற மாற்றுகளும் குழப்பத்தை இடம் மாற்றுகின்றனவே அன்றித் தீர்ப்பதில்லை.

இதனை மொழிபெயர்ப்புச் சிக்கல் என்று மட்டும் கருதி நாம் ஒதுக்கிவிட முடியாது. ஆங்கிலத்திலேயே அச்சொல் ஒருபொருட்சொல்லாக இல்லை என்பதும், அதன் வெவ்வேறு பொருள்களைப் பிரித்துணராமல் எழுதப்பட்ட வரையறைகளே இவ்வகைமை பற்றிய பெரும்பாலான வாதங்களுக்குக் காரணம் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

அடைமொழி பெயர்ச்சொல்லான வரலாறு

1960களின் இறுதியில் பிரிட்டனில் ‘புரோகிரசிவ்’ என்பது ஓர் ஒலியின் பெயராக இருக்கவில்லை. அது விற்பனைப் பிரிவின் பெயராகவே பெரிதும் வழங்கிற்று. ஒரு பக்கத்திற்கு ஒரு பாடல் கொண்ட சிறிய 45 சுழற்சித் தட்டுகளை வாங்கும் இளையோர் ஒருபுறம், முழு எல்.பி. இசைத்தட்டை வாங்கி அமர்ந்து கேட்கும் கல்லூரி மாணவர் மறுபுறம். இரண்டாம் கூட்டத்தாரைக் கவர்வதற்கென்றே பெருநிறுவனங்கள் தனித் துணைப்பெயர்களை உருவாக்கின. இ.எம்.ஐ. நிறுவனம் 1969இல் ‘ஹார்வெஸ்ட்’ என்னும் பெயரையும், பிலிப்ஸ் நிறுவனம் அதே ஆண்டில் ‘வெர்டிகோ’ என்னும் பெயரையும் தொடங்கின. ஹார்வெஸ்டில் பிங்க் ஃபிளாய்டும் டீப் பர்ப்பிளும் அருகருகே இருந்தன. வெர்டிகோ 1970இல் ஜென்டில் ஜயன்ட் குழுவின் முதல் தட்டை வெளியிட்டது. அதே ஆண்டில் பிளாக் சபாத் குழுவின் முதல் தட்டையும் அதே முத்திரையோடுதான் வெளியிட்டது. இன்று ஹெவி மெட்டல் இசையின் தொடக்கம் என்று போற்றப்படும் ஒரு குழுவும், இடைக்காலப் பல்குரலிசையை ராக் இசையோடு பின்னிய ஒரு குழுவும் கடையில் ஒரே அடுக்கில் இருந்தன. அன்று அதனை எவரும் முரணாகக் கண்டதாகத் தெரியவில்லை.

1970களின் இடைப்பகுதிக்குள் பெயர் சுருங்கிற்று. கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ், எமர்சன் லேக் அண்ட் பால்மர், ஜெத்ரோ டல் ஆகிய சில ஆங்கிலேயக் குழுக்களையும் அவற்றை ஒத்தவற்றையும் மட்டும் சுட்டலாயிற்று. 1976–77இல் பங்க் இசை எழுச்சி பெற்றபோது அதே பெயர் ஏளனச் சொல்லாக மாறியது. பின்னர் ‘புரோக்’ என்னும் குறுக்கம் பரவி, வசைச்சொல்லை அன்பர்களே பெருமையாகச் சூடிக்கொண்டனர்.

ஆக, ஒரே சொல்லில் மூன்று பொருள்கள் படிந்துள்ளன. முன்னைய எல்லையைக் கடந்து செல்லும் இயல்பு ஒன்று. ஒரு காலத்தில் ஓரிடத்தில் இயங்கிய குழுக்களின் கூட்டம் மற்றொன்று. அக்கூட்டத்தின் ஒலியைப் போன்று ஒலிக்கும் பாணி பிறிதொன்று. முதற்பொருளில் புகழ்ந்துவிட்டு மூன்றாம் பொருளில் பட்டியலிடுவது இத்துறை நூல்களில் நாம் அடிக்கடி காணும் பழக்கம்.

மேக்கனின் வரையறையும் அதன் எல்லையும்

இவ்வகைமையைக் கல்வியுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்த நூல்களுள் முதன்மையானது எட்வர்ட் மேக்கன் எழுதி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 1997இல் வெளியிட்ட ‘ராக்கிங் த கிளாசிக்ஸ்’ ஆகும். இசை, உறையோவியம், பாடற்பொருள், கேட்போர் என்று பல தளங்களை இணைத்து நோக்கும் அந்நூலின் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆங்கிலிக்கத் திருச்சபையின் பாடற்குழு மரபும் ஆர்கன் இசையும் இக்குழுக்களின் ஒலியில் எவ்வாறு கலந்தன என்பதை அவர் விளக்கும் பகுதிகள் இன்றும் பயனுடையன. எனினும், அவர் விரிவான பகுப்பாய்வுக்குத் தேர்ந்த நான்கு படைப்புகளை நோக்குக: எமர்சன் லேக் அண்ட் பால்மரின் ‘டார்கஸ்’, யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’, ஜெனிசிஸின் ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’, பிங்க் ஃபிளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’. நான்கும் இங்கிலாந்துக் குழுக்களின் படைப்புகள். நான்கும் 1971–75க்கு உட்பட்டவை. இவற்றிலிருந்து வரையறை பிறந்தால், அவ்வரையறைக்கு மிகச் சிறந்த சான்றாக இவையே அமைவதில் வியப்பில்லை. இலக்கியம் கண்டே இலக்கணம் கூறவேண்டும் என்னும் நம் மரபுக் கொள்கை இங்கும் பின்பற்றப்பட்டிருக்கிறது. ஆயினும், எந்த இலக்கியத்தை எடுத்துக்கொண்டோம் என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

பொதுவாகச் சொல்லப்படும் கூறுகளைத் தனித்தனியே சோதித்துப் பார்க்கலாம். நீளம் ஓர் அடிப்படைக் கூறு என்பர். ஜென்டில் ஜயன்ட் 1972இல் வெளியிட்ட ‘ஆக்டோபஸ்’ தட்டில் எட்டுப் படைப்புகள் உள்ளன. ஒன்றேனும் ஆறு நிமிடத்தை எட்டவில்லை. அதனை இவ்வகைமையிலிருந்து நீக்குவார் எவருமிலர். மறுபுறம், அமெரிக்காவின் ஐயன் பட்டர்ஃபிளை 1968இல் தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாடலால் நிரப்பியது. அதனைப் பெரும்பாலோர் இவ்வகைமையில் சேர்ப்பதில்லை. மெலோட்ரான் என்னும் கருவி, அஃதாவது நாடாவில் பதிந்த வயலின், குழல் ஒலிகளை விசைப்பலகைவழி எழுப்பும் கருவி, இவ்விசையின் முத்திரை என்பர். எமர்சன் லேக் அண்ட் பால்மரோ ஹேமண்ட் ஆர்கனையும் மூக் ஒலியாக்கியையும் நம்பி இயங்கிய குழு. தாளச் சிக்கல் என்பர். ஜாஸ் இசையில் டேவ் புரூபெக் குழு ஐந்தெண்ணிக்கைத் தாளத்தில் அமைந்த படைப்பை 1959இலேயே வெளியிட்டுவிட்டது; அது பின்னர் வெற்றிப் பாடலுமாயிற்று. கண்டம், மிச்ரம் என்று பெயரிட்டுக் குழந்தைகளுக்கே கைத்தாளம் பழக்கும் மரபில் வந்த நமக்கு, ஐந்தும் ஏழும் ஒரு வகைமையின் தனிச்சொத்து என்னும் வாதம் சற்று நகைப்பையே தருகிறது.

நீளத்தைப் பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும். எல்.பி. தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 20 முதல் 25 நிமிடம் வரை கொள்ளும். இவ்வகைமையின் நெடும்படைப்புகள் பல அந்த அளவிலேயே வந்து நிற்பது தற்செயல் அன்று. யெஸ் குழுவினர் 1973இல் வெளியிட்ட ‘டேல்ஸ் ஃபிரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்’ இதற்குத் தக்க சான்று. பாடகர் ஜான் ஆண்டர்சன், பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ நூலில் சாத்திரங்களைச் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என நான்காக வகுத்துக்கூறும் அடிக்குறிப்பு ஒன்றைப் படித்து, அதனையே அடித்தளமாக்கினார். நான்கு வகைச் சாத்திரங்கள். இரட்டைத் தட்டின் நான்கு பக்கங்கள். பக்கத்திற்கு ஒன்றாக ஏறத்தாழ 20 நிமிடப் படைப்புகள் நான்கு. எதிர்ப்பாளர் இதனை மிகைக்கும் செருக்குக்கும் எடுத்துக்காட்டாகக் காட்டுவர். அன்பர் ஆன்மிக ஆழத்திற்குக் காட்டுவர். இந்தியவியல் பயில்வோர் என்னும் நிலையில் நமக்குத் தோன்றுவது வேறு. அந்த வேதாந்தப் பகுப்பை இசையின் உள்ளமைப்பில் தேடுவது பெரும்பாலும் வீண்; அது தட்டின் பக்க எண்ணிக்கையில் வெளிப்படையாகவே இருக்கிறது. நீளத்தைப் பாணியின் கூறாக மட்டும் எழுதும் வரையறைகள் இந்தப் பொருளியல் அடிப்படையைக் காணத் தவறுகின்றன.

ஜெத்ரோ டல்: இருமுறை தவறிய பெயர்

பெயரிடுவோர்க்கும் பெயரிடப்படுவோர்க்கும் இடையிலான இழுபறியை ஜெத்ரோ டல் குழுவின் வரலாறு நன்கு காட்டுகின்றது. அவர்களின் ‘அக்வாலங்’ 1971இல் வெளிவந்தபோது, அது முழுவதும் ஒரே கருப்பொருளைச் சுற்றி அமைந்த கருத்துருத் தட்டு என்று திறனாய்வாளர் எழுதினர். குழுத் தலைவர் இயன் ஆண்டர்சன் அதனை ஏற்கவில்லை. அப்பெயரீட்டைக் கிண்டல் செய்வதற்காகவே மறு ஆண்டு ‘திக் ஆஸ் எ பிரிக்’ தட்டை உருவாக்கினார். தட்டின் இரு பக்கங்களிலும் ஓடும் ஒரே படைப்பு. பாடலை எழுதியவன் ஒரு பள்ளிச் சிறுவன் என்னும் கற்பனை. உறையாக முழு உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று. பகடியாகப் பிறந்த அத்தட்டு இன்று இவ்வகைமையின் உச்சங்களுள் ஒன்றாக வைக்கப்படுகிறது. பகடியும் மூலமும் ஒரே இலக்கணத்திற்குள் பிசிறின்றி அடங்கிவிடுகின்றன என்றால், அவ்விலக்கணம் புறவடிவத்தை மட்டுமே அளக்கிறது என்றுதான் கொள்ளவேண்டும்.

பதினேழு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பெயர் அவர்களைத் தேடி வந்தது. 1989இல் கிராமி விருதுக்குழு ஹார்டு ராக், மெட்டல் இரண்டையும் சேர்த்து முதன்முறையாக ஒரு விருது வழங்கியபோது, மெட்டாலிக்கா வெல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட நிலையில் குழலிசைக்குப் பேர்போன ஜெத்ரோ டல் வென்றது. மறு ஆண்டே அவ்விருது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வெர்டிகோ முத்திரையின்கீழ் 1970இல் இயல்பாக இருந்த கலப்பு, 1989இல் எல்லோரும் நகைக்கும் பிழையாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் மாறியது அடுக்குகளின் பெயர்.

கிளைப்பெயர்கள்

உட்பிரிவுப் பெயர்களின் தோற்றம் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறானது. ‘கேன்டர்பரி’ என்பது ஊர்ப்பெயர். வைல்டு ஃபிளவர்ஸ் என்னும் சிறு குழுவிலிருந்து கிளைத்த சாஃப்ட் மெஷின், கேரவன் ஆகியவற்றுக்கு அது ஓரளவு பொருந்தும். பின்னர் அவ்வூரோடு தொடர்பே இல்லாத கலைஞர்கள் பலர் அதனுள் சேர்க்கப்பட்டனர். ‘கிரவுட்ராக்’ என்பது பிரிட்டிஷ் இதழ்கள் பரப்பிய பெயர்; புளித்த முட்டைக்கோசை வைத்து ஜெர்மானியரைப் பழித்த போர்க்கால வசைச்சொல் அதனுள் ஒளிந்திருக்கிறது. ஃபவுஸ்ட் குழுவினர் 1973இல் தம் படைப்பொன்றுக்கு அதனையே தலைப்பாக வைத்து எள்ளினர். ஸ்டாக்ஹவுசனிடம் பயின்றோர் இருந்த கான் குழுவையும், ஒரே துடிப்பைத் தளராமல் நீட்டிய நொய் குழுவையும், மின்னொலிப் பரப்பில் மூழ்கிய டேஞ்சரின் டிரீம் குழுவையும் ஒன்றாக்குவது ஒலியன்று, கடவுச்சீட்டு. ‘சோய்ல்’ என்பதோ அகப்பெயர்: பிரான்சின் மக்மா குழுத் தலைவர் கிறிஸ்தியான் வாந்தேர் தாமே படைத்த கோபையா மொழியிலிருந்து எடுத்த சொல்.

‘போஸ்ட் ராக்’ என்னும் பெயரைப் பரவச் செய்தவர் திறனாய்வாளர் சைமன் ரெனால்ட்ஸ். 1994இல் ராக் கருவிகளை ராக் அல்லாத நோக்கங்களுக்குப் பயன்படுத்தும் போக்கையும், ஒலிப்பதிவுக்கூட நுட்பத்தையும் சுட்ட அவர் அதனைக் கையாண்டார். பத்தாண்டுகளுக்குள் அப்பெயர், மெல்லத் தொடங்கி பேரொலியில் முடியும் சொல்லற்ற கிதார் இசையைக் குறிக்கலாயிற்று. பெயரிட்டவரின் கைக்கும் பெயர் அடங்குவதில்லை.

ஊர், வசை, தற்புனைவு, திறனாய்வாளரின் கருத்தாக்கம் என்னும் இந்நான்கையும் கலைக்களஞ்சியங்கள் ஒரே நிலையிலுள்ள ‘உட்பாணிகள்’ ஆக்கிவிடுகின்றன. புறநானூற்றுப் பாடல்களின் கீழுள்ள திணை, துறைக் குறிப்புகளைப் பாடியவரே இட்டவைபோல் எண்ணி உரை செய்யும் மாணவரின் பிழையும் இதுவே.

எதிர்நிலை ராக்: அமைப்பு பாணியானது

இக்கட்டுரைக்கு மிகவும் இன்றியமையாத சான்று ‘ராக் இன் ஆப்போசிஷன்’ என்பதாகும். 1978 மார்ச் 12 அன்று லண்டனின் நியூ லண்டன் தியேட்டரில் ஐந்து நாடுகளின் ஐந்து குழுக்கள் இப்பெயரின்கீழ் ஒன்றுகூடின. இங்கிலாந்தின் ஹென்றி கவ் விழாவை ஒழுங்கு செய்தது. இத்தாலியின் ஸ்டார்மி சிக்ஸ், சுவீடனின் சாம்லா மாம்மாஸ் மன்னா, பெல்ஜியத்தின் யூனிவேர் ஜீரோ, பிரான்சின் எத்ரோன் ஃபூ லெலூப்லான் ஆகியவை பங்கேற்றன. இவற்றின் ஒலியில் ஒற்றுமை காண்பது அரிது. யூனிவேர் ஜீரோ பசூன் முதலிய கருவிகளோடு இருண்ட அரங்கிசைபோல் ஒலிக்கும். சாம்லா நாட்டுப்புற மெட்டையும் கோமாளித்தனத்தையும் கலக்கும். ஸ்டார்மி சிக்ஸ் அரசியல் பாடல் மரபில் வளர்ந்தது. அவர்களை இணைத்தது, பெருநிறுவனங்கள் தம் இசையை ஏற்க மறுத்த நிலையும், அதற்கு வெளியே இயங்கவேண்டும் என்னும் முடிவும்தான். பின்னர்ச் சில குழுக்கள் சேர்ந்தன. ஓரிரு ஆண்டுகளில் அமைப்பு தளர்ந்தது. பெயர் மட்டும் தளரவில்லை. இன்று அது ‘ஒத்திசைவு குன்றிய, கடினமான, அரங்கிசைச் சாயலுள்ள’ ஒலியின் பெயர். எந்த நிறுவனத்தையும் எதிர்க்காத ஒரு குழுவும் பசூன் வாசித்தால் அப்பெயரைப் பெற்றுவிடலாம். பெயரில் இருந்த எதிர்ப்பு கழன்று விழுந்துவிட்டது. இஃது ஒரு பெரிய இழப்பு என்பதே நம் கருத்து.

அம்மேடையில் நின்ற ஸ்டார்மி சிக்ஸ் குழுவின் ஃபிராங்கோ ஃபாப்ரி ஓர் இசையியலாளரும் ஆவார். வெகுமக்கள் இசை ஆய்வாளரின் முதல் அனைத்துலக மாநாடு 1981இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்தபோது அவர் வகைமைக் கோட்பாடு ஒன்றை முன்வைத்தார். மறு ஆண்டு அது அச்சாயிற்று. சமூகம் ஏற்றுக்கொண்ட விதிகளின் தொகுதியால் ஆளப்படும் இசை நிகழ்வுகளே வகைமை என்பது அதன் சாரம். அவ்விதிகளை அவர் ஐந்தாக வகுத்தார்: வடிவமும் நுட்பமும் சார்ந்தவை, குறியியல் சார்ந்தவை, நடத்தை சார்ந்தவை, சமூகமும் கருத்தியலும் சார்ந்தவை, பொருளியலும் சட்டமும் சார்ந்தவை. எவ்விதி முதன்மையானது என்பதை அந்தந்தச் சமூகம் தீர்மானிக்கிறது என்பதே இதன் கூர்மை. லண்டன் மேடையில் பொருளியல் விதியும் கருத்தியல் விதியும் தலைமை வகித்தன. பிற்காலப் பட்டியல்களில் வடிவ விதி தலைமைக்கு வந்தது. விதிகள் மறையவில்லை, அவற்றின் வரிசை மாறியது. வகைமையைப் பற்றி எழுதியவர்களுள், தம் குழுவே ஒரு பெயருக்குள் அடைபட்டதைக் கண்டவர் சிலரே. ஃபாப்ரியின் கோட்பாடு ஏட்டளவில் நில்லாமல் உயிர்ப்போடு இருப்பதற்கு அதுவும் காரணமாகலாம்.

முன்னேறாத முன்னேற்றம்

இந்த வரிசை மாற்றத்தை மனத்திற்கொண்டால், அன்பர்களிடையே ஓயாத ஒரு பூசலுக்கு விடை கிடைக்கும். 1983இல் மேரில்லியன் குழுவின் முதல் தட்டு வெளிவந்தபோது, அது பத்தாண்டுகளுக்கு முந்திய ஜெனிசிஸின் ஒலியை நினைவூட்டியது. ‘நியோ புரோக்’ என்று பெயர் பெற்றது. பழைய ஒலியை மீட்பது எங்ஙனம் ‘புரோகிரசிவ்’ ஆகும் என்று எதிர்ப்பாளர் வினவினர். அதற்கு ஈராண்டு முன்பு கிங் கிரிம்சன், மெலோட்ரானை முற்றிலும் கைவிட்டு ‘டிசிப்ளின்’ தட்டை வெளியிட்டிருந்தது. ராபர்ட் ஃபிரிப்பும் ஏட்ரியன் பெலூவும் தம் கிதார்களை, நம் வட்டாரத்தார் நன்கறிந்த காமெலான் இசையில் கருவிகள் ஒன்றன் இடைவெளியை மற்றொன்று நிரப்புவதுபோல், பின்னி வாசித்தனர். இயல்பை நோக்கினால் கிங் கிரிம்சனே ‘புரோகிரசிவ்’; பாணியை நோக்கினால் மேரில்லியனே ‘புரோக்’. இரு தரப்பாரும் தத்தம் பொருளில் சரியாகவே பேசினர்; சொல் ஒன்றாக இருந்ததால் பூசல் நீடித்தது. 1992இல் ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ வெளியிட்ட ட்ரீம் தியேட்டரால் பரவலான ‘புரோகிரசிவ் மெட்டல்’ என்னும் பெயரிலும் அதே இரட்டைப் பொருள் தொடர்கிறது.

பால் ஹெகார்ட்டியும் மார்ட்டின் ஹாலிவெல்லும் 2011இல் எழுதிய ‘பியாண்ட் அண்ட் பிஃபோர்’ இவ்வகைமையை எழுபதுகளுக்கு முன்னும் பின்னும் நீட்டிப் பார்க்கிறது. மேக்கனின் குறுகிய வட்டத்தை அது உடைத்தமை வரவேற்கத்தக்கதே. எனினும், வட்டம் மிக விரிந்து, கருத்துச் செறிவுள்ள எந்த ராக் இசையும் உள்ளே வந்துவிடும்போது பெயரால் பயனென்ன என்னும் ஐயம் எழுகின்றது.

தமிழில் இவ்வகைமையை எழுதுவோர் ‘புரோகிரசிவ் ராக்’ என்று ஒலிபெயர்த்தே எழுதலாம் என்பது நம் பரிந்துரை. அது குழுக்களின் வரலாற்றுப் பெயராக மட்டும் நிற்கட்டும். எல்லை கடக்கும் இயல்பைச் சுட்ட வேண்டுமிடத்தில் அதனைத் தனியே வேறு சொற்களால் விளக்கலாம். கிளைப்பெயர் ஒவ்வொன்றையும் எழுதும்போது யார் இட்டார், எந்த ஆண்டில் இட்டார் என்னும் இரண்டையும் சேர்த்தெழுதுதல் வேண்டும். ‘முற்போக்கு’ என்னும் சொல்லை அறவே விலக்கவேண்டும் என்றும் நாம் கூறவரவில்லை. ஹென்றி கவ், ஸ்டார்மி சிக்ஸ், 1973இல் நாஜி முகாம்களின் வாயிலில் இருந்த வாசகத்தையே தம் முதல் தட்டின் பெயராக்கிய இத்தாலியின் ஆரேயா ஆகிய குழுக்களுக்கு அச்சொல், நம் எழுத்தாளர் சங்கங்கள் கொண்ட அதே பொருளில், ஆங்கில மூலத்தைவிட நன்றாகவே பொருந்துகிறது.